ட்ரெட்மில் ரிப்போட் என்ன சொல்கிறது?

குடும்ப நலம்



இம்முறை ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டுமே ட்ரெட்மில் பரிசோதனை பற்றியவை. ஒன்றில் நிம்மதி, மற்றதில் பயம். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது, நிம்மதியாக இருந்தவர்கள்தான் கொஞ்சம் கவலைப்பட வேண்டும், பயந்தவர் கொஞ்சம் ஆறுதல் அடையலாம் என்று தோன்றியது. அதனால் பெயர், ஊர் இல்லாமல் இரண்டுக்கும் இங்கேயே பதில் எழுதுகிறேன்.

முதல் கடிதம் ஒரு மகளுடையது. "உம்மாவுக்கு வயது 56. சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடம். பிரஷருக்கும் குளிசை போடுகிறார். நாலைந்து மாதமாக வாசல் கூட்டினால் பாதியில் உட்கார்ந்து விடுகிறார். மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நானா கூட்டிக்கொண்டு போய் ட்ரெட்மில் டெஸ்ட் செய்தார். 'நெகட்டிவ்' என்று வந்தது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஸதகாவும் கொடுத்தோம். ஆனால் உம்மா இன்னும் 'ஏலாது மகள், மூச்சு முட்டுது' என்கிறார். டெஸ்ட் பாஸ் பண்ணியாச்சே, இது கேஸ்டிரிக்தான் என்று நானா சொல்கிறார். இப்போது உம்மா சொல்வதையே நிறுத்தி விட்டார்."

இரண்டாவது கடிதம் இரு பிள்ளைகளின் தாய் எழுதியது. வயது 34. "நெஞ்சில் ஊசி குத்துவது போல் சில விநாடிகள் வரும், போய்விடும். மனத் திருப்திக்காக டெஸ்ட் செய்தேன். 'பொசிட்டிவ்' என்று எழுதியிருக்கிறது. அன்றிலிருந்து கணவர் ஒரு வாளி தண்ணீர் தூக்கவும் விடுவதில்லை. இரவில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அழுகிறேன்."

இருவருமே ரிப்போட்டின் பிரதியை அனுப்பியிருந்தார்கள். கடிதம் மூலம் யாரும் நோயை நிர்ணயிக்க முடியாது. அது உங்கள் டொக்டரின் வேலை. ஆனால் அந்தத் தாளை எப்படி வாசிப்பது, டொக்டரிடம் என்ன கேட்பது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்கலாம்.

ஏன் நடக்க வைக்கிறார்கள்?

இதயமும் ஒரு தசைதான். அதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோகும் குழாய்கள் முடியுரு நாடிகள். அவற்றில் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கினாலும், சும்மா இருக்கும்போது இதயத்துக்குப் போதிய இரத்தம் கிடைத்துக்கொண்டேயிருக்கும். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் துரு பிடித்தாலும் ஒரு பைப்பைத் திறந்தால் தண்ணீர் வரத்தானே செய்யும்? வலீமா நாளில் மூன்று பைப்பையும் ஒன்றாகத் திறக்கும்போதுதான் விஷயம் தெரியும். அதனால்தான் படுத்திருந்து எடுக்கும் ஈ.சி.ஜி. நன்றாக இருந்தும் ஒருவருக்கு இதய நோய் இருக்கலாம். இதயத்தை வேலை செய்ய வைத்துப் பார்ப்பதே இந்தப் பரிசோதனை.

இப்போது உலகெங்கும் அதிகம் பயன்படும் முறையை வகுத்தவர் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பணியாற்றிய டொக்டர் றொபர்ட் புரூஸ். 1963 இல் அதை வெளியிட்டார். ஓடும் பட்டியில் நடக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை வேகமும் ஏற்றமும் கூடும். முதல் கட்டத்தில் மணிக்கு 2.7 கிலோமீற்றர் வேகம், 10 வீத ஏற்றம். இரண்டாவதில் 4 கிலோமீற்றர், 12 வீதம். மூன்றாவதில் 5.5 கிலோமீற்றர், 14 வீதம்.  இவ்வளவு நேரமும் ஈ.சி.ஜி. ஓடிக்கொண்டிருக்கும், பிரஷரும் பார்ப்பார்கள்.

முடிவை மட்டும் பார்க்காதீர்கள்

நம்மில் பலர் ரிப்போட்டின் கடைசி வரியை மட்டும் பார்க்கிறோம். பரீட்சை முடிவு போல பாஸா பெயிலா என்று கேட்கிறோம். ஆனால் அந்தத் தாளில் ஆறு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, எவ்வளவு நேரம் நடந்தார், எத்தனை 'மெட்ஸ்' எட்டினார் என்பது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஒட்சிசனே ஒரு மெட். அதாவது ஒரு கிலோ உடல் நிறைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலீற்றர். பாத்திரம் கழுவச் சுமார் 2 மெட்ஸ், வீடு கூட்டச் சுமார் 3, மெதுவாகப் படி ஏறச் சுமார் 4 தேவை. புரூஸ் முறையில் முதல் கட்டத்தை முடித்தால் சுமார் 5, இரண்டாவதை முடித்தால் சுமார் 7, மூன்றாவதை முடித்தால் சுமார் 10 மெட்ஸ்.

இரண்டாவது, நாடித்துடிப்பு எவ்வளவுக்கு ஏறியது என்பது. 220 இலிருந்து வயதைக் கழித்தால் வருவது ஒருவரின் உச்சத் துடிப்பு என்று கணக்கிடுவார்கள். அதில் 85 வீதத்தையாவது எட்ட வேண்டும். இது ஒரு குத்துமதிப்புதான். பெண்களுக்கு இந்தக் கணக்கு சற்று அதிகமாக வருகிறது என்று கண்டு, 2010 இல் அமெரிக்காவின் டொக்டர் மார்த்தா குலாட்டியும் குழுவினரும் வேறொரு கணக்குச் சொன்னார்கள். வயதை 0.88 ஆல் பெருக்கி 206 இலிருந்து கழிக்க வேண்டும்.

மூன்றாவது, பிரஷர். நடக்க நடக்க மேல் அளவு ஏற வேண்டும். ஏறாமல் இறங்கினால் அது கெட்ட அடையாளம்.

நான்காவது, நெஞ்சு நோ வந்ததா, ஏன் நிறுத்தினார்கள் என்பது. களைப்பா, முழங்கால் வலியா, மூச்சு முட்டா என்று எழுதியிருப்பார்கள்.

ஐந்தாவதுதான் எல்லோரும் பேசும் 'எஸ்.டி.' மாற்றம். ஈ.சி.ஜி. கோட்டில் ஒரு பகுதி ஒரு மில்லிமீற்றர் அல்லது அதற்கு மேல் தாழ்ந்து, மட்டமாகவோ கீழ்நோக்கிச் சரிந்தோ போனால் 'பொசிட்டிவ்' என்பார்கள்.

ஆறாவது, நிறுத்திய பிறகு துடிப்பு எவ்வளவு சீக்கிரம் இறங்கியது என்பது. முதல் நிமிடத்தில் 12 அல்லது அதற்குக் குறைவாகவே இறங்கினால் அது கவனிக்க வேண்டியது என்று 1999 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

உம்மாவின் ரிப்போட்

இப்போது முதல் கடிதத்துக்கு வருவோம். உம்மா நடந்தது 4 நிமிடம் சொச்சம். எட்டியது 5 மெட்ஸ். உச்சத் துடிப்பு 112. நிறுத்தக் காரணம் மூச்சு முட்டு.

பழைய கணக்குப்படி 56 வயதுக்கு உச்சம் 164. அதில் 85 வீதம் 139. குலாட்டியின் கணக்குப்படி உச்சம் 157, அதில் 85 வீதம் 133. இரண்டையுமே உம்மா எட்டவில்லை. காரணமும் கடிதத்திலேயே இருக்கிறது. பிரஷருக்காக அவர் போடும் அட்டெனொலோல், இதயத் துடிப்பைக் கட்டிப் போடும் குளிசை. பைப்பை முழுதாகத் திறக்காமலே தண்ணீர் வருகிறது என்று சொன்ன கதைதான் இது. இதயம் போதிய அளவு வேலை செய்யாதபோது 'எஸ்.டி.' மாறவில்லை என்பதை வைத்து, நோயில்லை என்று சொல்ல முடியாது. இப்படிப்பட்ட ரிப்போட்டை 'நெகட்டிவ்' என்பதைவிட 'முடிவு சொல்ல முடியாதது' என்பதே சரி.

இன்னொன்று. பெண்களுக்கு வயதுக்கேற்ப எவ்வளவு மெட்ஸ் எதிர்பார்க்கலாம் என்பதற்கும் அதே டொக்டர் குலாட்டியின் குழு 2005 இல் ஒரு கணக்குத் தந்தது. வயதை 0.13 ஆல் பெருக்கி 14.7 இலிருந்து கழிக்க வேண்டும். 56 வயதுக்கு 7.4 வருகிறது. உம்மா எட்டியது 5. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. எதிர்பார்க்கும் அளவில் 85 வீதத்துக்குக் குறைந்த பெண்களுக்கு மரண ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு என்று அந்த ஆய்வு கண்டது. ஈ.சி.ஜி. கோடு எதைச் சொன்னாலும், ஒருவரால் எவ்வளவு தூரம் உழைக்க முடிகிறது என்பதே அவரது ஆயுளைப் பற்றி அதிகம் சொல்கிறது.

சீனி வருத்தக்காரருக்கு நெஞ்சு நோ வராமலேயே இதயத்துக்கு இரத்தம் குறையலாம். மூச்சு முட்டும் களைப்பும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். பெண்களிலும் இப்படி அதிகம். நாம் இஞ்சிப் பிளேன்டீ போட்டுக் கொடுத்து, கேஸ்டிரிக் என்று மூடி வைத்துவிடுகிறோம்.

ஆகவே மகளே, இந்த வாரமே உம்மாவைக் கூட்டிக்கொண்டு ரிப்போட்டுடன் டொக்டரிடம் போங்கள். "உம்மா இலக்குத் துடிப்பை எட்டவில்லையே, வேறு பரிசோதனை தேவையா?" என்று கேளுங்கள். மருந்தூசி போட்டு இதயத்தை வேலை செய்ய வைத்து ஸ்கேன் பார்க்கும் முறை உண்டு. சீ.டி. ஸ்கேனில் நாடிகளைப் படமெடுக்கும் முறையும் உண்டு. இன்று பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டல்கள், இப்படிப் படம் காட்டும் பரிசோதனைகளுக்கே முன்னிடம் கொடுக்கின்றன. ஒரு எச்சரிக்கை: அட்டெனொலோல் போன்ற குளிசைகளை டெஸ்டுக்காக நீங்களாகவே நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை டொக்டரே சொல்ல வேண்டும்.

நானாவிடம் ஒன்று சொல்லுங்கள். உம்மா சொல்லாமல் விட்டுவிட்டார் என்பதால் வருத்தம் போய்விட்டதாக அர்த்தமில்லை.

34 வயதுத் தாயின் ரிப்போட்

சகோதரி, நீங்கள் 10 நிமிடம் நடந்திருக்கிறீர்கள். 11 மெட்ஸ். உங்கள் வயதுக்கு எதிர்பார்ப்பதே 10.3 தான். துடிப்பு 178 வரை ஏறியிருக்கிறது. நெஞ்சு நோ இல்லை. பிரஷர் ஒழுங்காக ஏறியிருக்கிறது. நிறுத்தி ஒரு நிமிடத்தில் துடிப்பு 30 இறங்கியிருக்கிறது. 'எஸ்.டி.' மட்டும் ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்திருக்கிறது. அதை வைத்துத்தான் 'பொசிட்டிவ்' என்று எழுதியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 1987 இல் இதற்கு ஒரு புள்ளிக் கணக்கு வகுத்தார்கள். நடந்த நிமிடங்களிலிருந்து, 'எஸ்.டி.' மில்லிமீற்றரை 5 ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். நெஞ்சு நோ வந்தால் 4, நோவால் நிறுத்த நேர்ந்தால் 8 மேலும் கழிக்க வேண்டும். 5 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்துக் குறைவு. கழித்தல் 11 அல்லது அதற்கும் கீழ் போனால் ஆபத்து அதிகம். உங்களுக்கு: பத்திலிருந்து ஐந்து போக ஐந்து. ஆபத்துக் குறைந்த வகுப்பு. அவர்களது 1991 ஆய்வில் இந்த வகுப்பினரில் 99 வீதமானோர் நான்கு வருடத்துக்குப் பின்னும் உயிருடன் இருந்தார்கள்.

அப்படியானால் ஏன் 'பொசிட்டிவ்' வந்தது? இங்கேதான் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பெண்களில் இந்தப் பரிசோதனை, நோயுள்ளவர் நூறு பேரில் சுமார் 60 பேரைத்தான் பிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் சுமார் 30 பேருக்குத் தவறாகப் 'பொசிட்டிவ்' காட்டுகிறது. 1999 இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த விவரம் இது.

உங்களைப் போன்ற நூறு இளம் பெண்களை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, அவர்களில் 5 பேருக்கு உண்மையில் நோய் இருப்பதாக வைப்போம். டெஸ்ட் அவர்களில் 3 பேரைப் பிடிக்கும். மீதி 95 பேரில் 28 பேருக்குச் சும்மா 'பொசிட்டிவ்' காட்டும். ஆக, 'பொசிட்டிவ்' வந்த 31 பேரில் உண்மையான நோயாளி மூவரே.

இனி, சீனி, பிரஷர், நடந்தால் நெஞ்சு நோ எல்லாம் உள்ள நூறு மூத்த பெண்களை எடுப்போம். அவர்களில் 60 பேருக்கு நோய் இருப்பதாக வைப்போம். டெஸ்ட் 36 பேரைச் சரியாகப் பிடிக்கும். 12 பேருக்கு மட்டுமே தவறாகக் காட்டும். இங்கே 'பொசிட்டிவ்' வந்தால் நால்வரில் மூவருக்கு நோய் உண்மை. ஆனால் 24 நோயாளிகளை டெஸ்ட் தவற விட்டிருக்கும். இவர்களிடம் 'நெகட்டிவ்' என்ற சொல்லை நம்பி இருந்துவிட முடியாது.

ஒரே இயந்திரம், ஒரே எழுத்து. யார் நடந்தார் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறுகிறது. அதனால்தான் நல்ல டொக்டர் தாளைப் பார்க்கும் முன் உங்கள் கதையைக் கேட்கிறார்.

உங்கள் ரிப்போட்டைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. டொக்டரிடம் காட்டி, இரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்கலாமா என்று கேளுங்கள். இரத்தச் சோகை, பொட்டாசியக் குறைவு, சில மருந்துகள் இவையும் இந்தக் கோட்டைத் தாழ்த்தும். தேவையென்றால் எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அதுவரை வீட்டு வேலை செய்யலாமா என்பதையும் கணவர் முன்னிலையிலேயே கேட்டுவிடுங்கள். பத்து நிமிடம் ஏற்றத்தில் நடந்தவரை ஒரு வாளி தண்ணீருக்குப் பயப்பட வைக்க வேண்டியதில்லை என்று அவர் வாயாலேயே சொன்னால் கணவருக்கும் மனம் ஆறும், இன்ஷா அல்லாஹ்.

மூச்சு முட்டு எங்கிருந்து வருகிறது?

மூச்சு முட்டினால் இதயம்தான் காரணம் என்றில்லை. சுவாசப்பையாகவும் இருக்கலாம், இரத்தச் சோகையாகவும் இருக்கலாம், நீண்ட காலம் அசையாமல் இருந்ததால் தசைகள் தளர்ந்தும் இருக்கலாம். இதைப் பிரித்தறியவும் பரிசோதனைகள் உண்டு.

எளிதானது ஆறு நிமிட நடை. 30 மீற்றர் நீளமான தாழ்வாரத்தில் நோயாளி தன்னால் முடிந்த வேகத்தில் ஆறு நிமிடம் போய் வர வேண்டும். எவ்வளவு தூரம் நடந்தார், விரலில் மாட்டும் கருவியில் ஒட்சிசன் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பார்கள். நெடுநாள் சுவாசப்பை நோயாளிகளுக்கு மருந்து வேலை செய்கிறதா என்று அறியவும் இது உதவும். முன்பைவிட 30 மீற்றர் அளவு கூடினால் உண்மையான முன்னேற்றம் என்று கொள்வார்கள்.

நுணுக்கமானது, முகமூடி மாட்டிச் சைக்கிள் மிதிக்க வைப்பது. உள்ளே போகும் ஒட்சிசனையும் வெளியே வரும் காபனீரொட்சைட்டையும் மூச்சுக்கு மூச்சு அளப்பார்கள். ஆரோக்கியமானவர் களைத்து நிறுத்தும்போதும் அவரது சுவாசப்பையில் இன்னும் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். அவரை நிறுத்துவது இதயத்தின் எல்லையே. சுவாசப்பை நோயாளிக்கோ மூச்சின் கையிருப்பு முதலில் தீர்ந்துவிடும். இதயத் துடிப்பு உச்சத்துக்குப் போயிருக்காது. எந்தக் கையிருப்பு முதலில் தீர்ந்தது என்பதுதான் கேள்வி.

பிள்ளைகள் விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஓடி விளையாடி முடித்த பிறகு ஐந்து, பத்து நிமிடத்தில் இருமி இழுக்கிறார்களா? அது விளையாட்டால் கிளம்பும் முட்டு வருத்தமாக இருக்கலாம். ஆறு முதல் எட்டு நிமிடம் ஓட வைத்து, முன்னும் பின்னும் ஊதச் சொல்லிப் பார்ப்பார்கள். முதல் விநாடியில் ஊதும் காற்று 10 வீதமோ அதற்கு மேலோ குறைந்தால் சந்தேகம் வலுக்கும். மருந்து உண்டு. மகளை விளையாட்டிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை.

டெஸ்டுக்குப் போகும் சகோதரிகளுக்கு

உடை பற்றிக் கூச்சப்பட்டே பலர் தள்ளிப் போடுகிறார்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, பெண் ஊழியர் இருக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தளர்ந்த காற்சட்டை, முன்புறம் திறக்கும் சட்டை அணிந்து, மேலே அபாயா போட்டுப் போகலாம். வயர்கள் ஒட்டிய பின் சட்டையை மூடிக்கொண்டு நடக்கலாம். நீண்ட பாவாடையுடனும் வழுக்கும் செருப்புடனும் பட்டியில் ஏறாதீர்கள். சபாத்துப் போடுங்கள்.

இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு முன் கனமாகச் சாப்பிடக் கூடாது. தேநீர், கோப்பியும் வேண்டாம். அவசரமில்லாவிட்டால் நோன்பு நாளில் வைக்காதீர்கள். சீனி வருத்தக்காரர் வெறும் வயிற்றில் அப்படி உழைப்பது நல்லதல்ல. அவர்கள் குளிசை, சாப்பாட்டு நேரத்தை டொக்டரிடம் கேட்டே போக வேண்டும்.

ஆபத்து உண்டா என்று கேட்பீர்கள். மிக அரிது. பல்லாயிரம் பரிசோதனைகளைத் திரட்டிய 1971 ஆம் ஆண்டின் ஆய்வில், பத்தாயிரத்தில் ஒரு மரணம் என்ற அளவே காணப்பட்டது. நெஞ்சு நோ, தலைசுற்று வந்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள். அதிக நேரம் நடந்து காட்டப் பரிசெதுவும் இல்லை.

ஹஜ்ஜுக்கு நிய்யத் வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். ஸஃபா மர்வா ஏழு ஓட்டம் மட்டுமே மூன்று கிலோமீற்றருக்கு மேல். மாடிப் படிக்கே மூச்சு வாங்கும் தாயைக் கடைசி மாதத்தில் அல்ல, முன்கூட்டியே காட்டி, நடைப் பழக்கமும் கொடுத்து அனுப்புவதே பிள்ளைகளின் கடமை.

கடைசியாக ஒன்று. சும்மா இருக்கும்போதே நெஞ்சு இறுக்கம், கை அல்லது தாடைக்குப் பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டு வந்தால் ட்ரெட்மில் டெஸ்டுக்கு நாள் குறிக்காதீர்கள். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசம். "ரெண்டு மாசத்துக்கு முந்தி டெஸ்ட் நெகட்டிவ்தானே" என்று காத்திருந்து விடாதீர்கள். அந்தத் தாள் அன்றைய நிலையைச் சொன்னது. இன்றைய நோவை இன்றுதான் பார்க்க வேண்டும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கும்படி நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்த உம்மா மறுபடி டொக்டரைப் பார்த்தாரா என்று மகள் ஒரு வரி எழுதினால் நானும் நிம்மதியாக இருப்பேன். அல்லாஹ் அவருக்கும் நம் எல்லோருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.